அடுப்புக்கு மேல் காய்ந்த கயிறு

"அக்கா, நீ வேணும்னே செஞ்சியா?"

என் தங்கை சுதா இதைக் கேட்டுப் பதினொரு நாள் ஆகிறது. கேட்ட அடுத்த நொடியே "இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவளும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேள்வி போகவில்லை. அரிசி களையும்போது வருகிறது. நான் படிப்பிக்கும் முன்பள்ளியில் பிள்ளைகளின் தலைகளை எண்ணும்போது வருகிறது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று... வேணும்னே செஞ்சியா? மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். கதவைப் பூட்டினேனா என்று பஸ் நிற்கும் இடத்திலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். மகள் நிவேதா ஒரு தும்மல் போட்டால் ஆவி பிடிக்கத் தண்ணீர் வைக்கிறவள். அவளுக்கு ஒன்பது வயது. அவள் மரம் ஏறி நான் பார்த்ததில்லை. ஏறியதே இல்லை என்று இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

சுதா எனக்கு நேர் எதிர். என்னைவிட ஏழு வயது இளையவள். என் கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்வதால் துணைக்கு எங்களோடு நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால், ஆற்றோரம் இருக்கிற ஒரு முகாமுக்குச் சமையல் உதவிக்குப் போனாள். சுற்றுலா வருகிறவர்களைக் கயிறு கட்டி அருவியில் இறக்கும் குழுவின் முகாம் அது. ஒரு நாள் ஆள் குறைகிறது என்று இவள் தலையில் ஹெல்மட்டை மாட்டிவிட்டார்கள். அதோடு கரண்டியை வைத்தவள்தான், இன்னும் எடுக்கவில்லை. வீட்டிலும்தான்.

அருவியில் இறங்குவது என்றால் என்ன? இடுப்பிலும் தொடையிலும் பட்டியை மாட்டிக்கொண்டு, பாறை விளிம்பில் பின்பக்கமாகச் சாய்ந்து, கொட்டுகிற தண்ணீரோடு தண்ணீராக, கயிற்றை நம்பிக் கீழே நடப்பது. இதற்காகக் கடல் கடந்து வருகிறார்கள். இறங்கி முடித்ததும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது நான் கேட்டேன் - "இவங்களுக்கு ஊர்ல பிரச்சினையே இல்லையா?"

"இருக்குக்கா. அதான் இங்க வந்து தொங்குறாங்க" என்றாள் சுதா.

சரி, தொங்கட்டும். என் பிள்ளை தொங்காதவரை எனக்கு யாதொரு ஆட்சேபனையும் இல்லை.

அங்கேதான் வினை வந்தது. எங்கள் தோட்டத்தில் எட்டாம் நம்பர் மலைக்குக் கீழே ஒரு அருவி இருக்கிறது. மூன்று மாடி உயரம் இருக்கும். அதில்தான் புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்குகிறார்கள். விடுமுறை நாட்களில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பாறை மேல் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். சுதாவுக்கு அது உறுத்தியிருக்கிறது. "நம்ம மலை, நம்ம தண்ணி. நம்ம புள்ளைங்க மட்டும் பாத்துக்கிட்டே இருக்கணுமா?" என்று குழுத் தலைவர் மஞ்சுலவிடம் கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர். ஒரு சனிக்கிழமை, சுற்றுலாக்காரர்கள் யாரும் இல்லாமல், தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை மட்டும் இறக்குவது என்று முடிவானது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பன்னிரண்டு பெயரில் முதல் பெயர் நிவேதா.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடாததோடு நின்றேனா? போனில் விபத்து வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். எந்த நாட்டிலோ, எந்த மலையிலோ, யாரோ விழுந்தவை. அவற்றை முன்பள்ளி வாசலில் மற்றத் தாய்மாருக்கும் காட்டினேன். மூன்று பேர் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் இப்போது என்னைக் குத்துகிறது.

கணவரிடம் போனில் கேட்டேன். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார் - "நீ என்ன சொல்றியோ அதான்." பிறகு கொஞ்சம் யோசித்து, "நல்ல கயிறுதானே? எங்க கடையில மாடு கட்டுறதுதான் இருக்கு" என்றார். அவருடைய பங்களிப்பு அவ்வளவுதான்.

இனி கயிற்றின் கதை.

அந்தப் புதன்கிழமை மாலை சுதா ஒரு கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முகாமின் தகரக் கொட்டகை ஒழுகுகிறதாம். அதனால் ஆளுக்கொரு கயிற்றை வீட்டுக்கு எடுத்துப்போய் உலர்த்துகிறார்களாம். இது சனிக்கிழமை பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைத்த கயிறு. சுதாவுக்கோ அடுத்த நாள் விடியற்காலையே வேறோர் இடத்தில் வேலை. வெள்ளி பின்னேரம்தான் திரும்புவாள்.

"அக்கா, இத வராண்டாவுல காத்தாட நெழல்ல தொங்கவிடு. வெயில்லகூட போட்டுறாத. வேற ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா இருந்தா போதும்" என்றாள்.

சும்மா இருப்பது. என்னிடம் கேட்கக்கூடாத ஒரே உதவி அது.

வியாழக்கிழமை எங்கள் பக்கத்து மழை எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. வராண்டாவில் தொங்கிய கயிறு காய்வதற்குப் பதில் இன்னும் குடித்தது. பிழிந்தால் தண்ணீர் வந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஈரக் கயிற்றில் பிள்ளைகளா? வழுக்காதா? மிச்சம் எட்டுப் பிள்ளைகள்...

மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் துணி எங்கே காயும்? மலையகத்தில் பிறந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விறகடுப்புக்கு மேலே ஒரு கம்பி கட்டியிருக்கும். பிள்ளைகளின் பாடசாலைக் காலுறை அங்கேதான் காயும். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு அங்கேதான் காயும். விறகே அங்கேதான் காயும். நான் பேச்சுப்போட்டிக்குப் போட்டுப்போன வெள்ளைச் சீருடையும் அங்கே காய்ந்ததுதான். மேடையில் ஏறியபோது முதல் வரிசைக்குப் புகை வாசம் போயிருக்கும். பரிசு கிடைத்தது என்பது வேறு விஷயம்.

ஆக, என் கை அதுபாட்டுக்குப் போனது. கயிற்றைக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே கம்பியில் மடித்து மடித்துப் போட்டேன். சுதா வெயிலில் போடாதே என்றாள். அடுப்புக்கு மேலே போடாதே என்று சொல்லவில்லையே? இப்படி ஒரு நியாயமும் அப்போதே மனதில் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. நியாயம் தேடுகிறோம் என்றால் தப்புச் செய்கிறோம் என்று எங்கேயோ தெரிந்திருக்கிறது. இல்லையா?

வெள்ளிக்கிழமை முன்பள்ளி விட்டு வந்து தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. சந்தோஷமாகச் சுருட்ட ஆரம்பித்தேன். பாதியில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஓரிடம் மட்டும் விறைத்து, பிசின் காய்ந்ததுபோல் மினுமினுப்பாக இருந்தது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். கயிறு நைலான். கம்பி தாழ்ந்து தொங்கியிருக்கிறது. நான் பருப்பு வேகவைக்க நெருப்பைக் கூட்டியிருக்கிறேன்.

அடுத்த பத்து நிமிடம் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். பிறகு நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். சின்ன இடம்தானே.

பிறகு, சுதா எப்படியும் பார்ப்பாள், அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. நான் சொன்னால் யார் நம்புவார்கள்? வாசல் வாசலாகப் போய் வீடியோ காட்டியவள். மூன்று பிள்ளைகளை நிறுத்தியவள். சொந்த மகளுக்குக் கையெழுத்துப் போடாதவள். அவள் வீட்டில் வைத்த கயிறு, சரியாக நிகழ்ச்சிக்கு முதல் நாள் கருகிப்போயிருக்கிறது. நான் வேறு யாராவதாக இருந்தால் இதை நம்புவேனா? நம்ப மாட்டேன்.

சொல்லாவிட்டால்?

நிவேதா போகவில்லை. நான்தான் கையெழுத்துப் போடவில்லையே. ஆனால் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கிற பாக்கியம் அக்காவின் மகள் போகிறாள். என்னிடம் அ, ஆ படித்தவள். செருப்பை எப்போதும் மாற்றித்தான் போடுவாள்.

கயிற்றைச் சுருட்டவில்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

நாலரைக்குச் சுதா வந்தாள். நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடிப்பதற்குள் சொன்னேன்.

"சுதா, கயிற அடுப்புக்கு மேல போட்டுட்டேன். ஓரிடத்துல உருகியிருக்கு."

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். கோபப்படவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, கயிற்றின் ஒரு நுனியை எடுத்து, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, சாண் சாணாக இழுக்க ஆரம்பித்தாள். கயிற்றைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்தான் பார்த்தது.

"இங்க ஒண்ணு" என்றாள். நான் கண்ட இடம்.

கொஞ்ச தூரம் போய், "இங்க இன்னொண்ணு."

கடைசிக்குக் கிட்டே வந்து, "இங்க."

மூன்று இடம். நான் கண்டது ஒன்றுதான். மற்ற இரண்டும் என் கைக்குத் தெரியவே இல்லை.

எழுந்துபோய்க் கத்தியை எடுத்து வந்தாள். அந்த நீளக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டினாள். நான் பதறிப்போய், "நல்ல பகுதி இருக்கேடி" என்றேன்.

"முழுசா இருந்தா நாளைக்கு யாராச்சும் நல்லதுன்னு எடுத்து மாட்டிருவாங்கக்கா. கெட்டுப்போன கயிற முழுசா வச்சிருக்கக் கூடாது. அதான் சட்டம்."

வெட்டி முடித்துவிட்டுத்தான் கேட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, நீ வேணும்னே செஞ்சியா?"

"இல்ல."

அவள் தலையாட்டினாள். பிறகு மஞ்சுலவுக்குப் போன் எடுத்தாள். அவர் சிங்களவர், தமிழ் நன்றாக வரும். போனை ஸ்பீக்கரில் போட்டு என்னையே சொல்லச் சொன்னாள். சொன்னேன். தப்புச் செய்த முன்பள்ளிப் பிள்ளைகளிடம் நான் என்ன குரலை எதிர்பார்ப்பேனோ அந்தக் குரலில் சொன்னேன்.

"ஹரி நங்கி, சரி தங்கச்சி. நீங்க சொன்னது நல்லது. கயிறு போனா வேற கயிறு வாங்கலாம். சொல்லாம இருந்திருந்தாத்தான் நான் கோபப்படுவேன்" என்றார். சனிக்கிழமை நிகழ்ச்சியைத் தள்ளி வைத்தார். கண்டிப் பக்கத்திலிருந்து வேறு கயிறு வர வேண்டும்.

தள்ளி வைத்ததற்கான காரணம் லயம் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீர்ப் பீலியடியில் இரண்டு குடம் நிறைகிற நேரம்.

"டீச்சரு, கயித்தக் கருவாடு போட்டுட்டீங்களாமே" என்றார் பாக்கியம் அக்கா. அவர் கொழுந்தெடுக்கிறவர். நாக்கு கொழுந்துக் கத்தரியைவிடக் கூர்மை.

"தெரியாம நடந்துருச்சு அக்கா."

"தெரியாமயா, பயந்துபோயா?"

அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னார் - "நாங்க தெனமும் அந்தச் சரிவுலதான் நிக்கிறோம். மழையில வழுக்கும், அட்டை கடிக்கும், குளவி கொட்டும். எங்களுக்குக் கயிறும் இல்ல, தொப்பியும் இல்ல. எவனும் வந்து படம் புடிச்சதும் இல்ல. எம் மகளாச்சும் ஒரு நாளு கயித்தோட எறங்கட்டுமேன்னு பாத்தேன்."

நான் காட்டிய வீடியோவில் இது இல்லையே.

நிவேதா என்னோடு சண்டை போடவில்லை. அழவும் இல்லை. சனிக்கிழமை முழுக்க வெட்டுப்பட்ட கயிற்றுத் துண்டு ஒன்றை வைத்து முடிச்சுப் போட்டுப் பழகினாள். சாயங்காலம் சுதாவிடம் மட்டும் சொன்னாள். நான் அடுப்படியில் இருப்பது தெரிந்தே சொன்னாள்.

"சித்தி, இனிமே அம்மாகிட்ட கயிற குடுக்காதீங்க."

சுதா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை முன்பள்ளி வாசலில் நின்று, என் பேச்சைக் கேட்டுத் தாளைத் திருப்பி வாங்கிய மூன்று தாய்மாரிடமும் ஒவ்வொருவராகச் சொன்னேன். "நான் காட்டின வீடியோ வேற எங்கயோ நடந்தது. இங்க கயிற கெடுத்தது நான்தான். நீங்க முடிவு எடுக்கிறப்போ என் பயத்த கணக்குல சேர்க்காதீங்க." ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி "பரவால்ல டீச்சர்" என்றாள். மூன்றாமவள்தான் சரியான கேள்வியைக் கேட்டாள். "அப்ப நீங்க உங்க புள்ளைய அனுப்புறீங்களா?"

அன்று மாலை சுதாவிடம் போய், "நான் எறங்குறேன்" என்றேன்.

"எங்க?"

"அருவியில."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எறங்கு. எறங்கிட்டு வந்து நிவேதா வேணாம்னு சொல்லு. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

கயிறு வியாழக்கிழமை வந்தது. வீட்டுக்கு வரவில்லை. நேரே முகாமுக்குப் போனது. என்மேல் இருந்த நம்பிக்கையை அளக்க வேறு அளவுகோல் வேண்டுமா?

ஞாயிறு காலை. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அருவியின் தலைமாட்டில் நானும் சுதாவும் மஞ்சுலவும். அடிவாரத்தில் பாறை மேல் நிவேதாவும், வேடிக்கை பார்க்க வந்த பாக்கியம் அக்காவும்.

முதலில் சுதா தண்ணீரைக் காட்டினாள். ஓரத்தில் ஒரு கல்லில் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் அன்று யாரும் இறங்கக்கூடாது. "நிறமும் முக்கியம். பிளேன்டீ மாதிரி கலங்கி, எல சருகு அடிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா மேல எங்கயோ பெரிய மழ. இங்க வெயில் அடிச்சாலும் ஓடிறணும். இந்த வேலையில செத்துப்போறவங்க நெறையப் பேரு கயிறு அறுந்து சாகல அக்கா. தண்ணிய பாக்காம செத்தவங்க."

இதை அவள் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறவர்களை நான் எப்போதுமே நம்பியதில்லை. ஊசி போடும்போது "வலிக்காது" என்கிற நர்ஸ் மாதிரி.

பிறகு பட்டியை மாட்டினாள். ஒவ்வொரு கொக்கியாக இழுத்துப் பார்த்தாள். அவள் பார்த்து முடித்ததும் மஞ்சுல வந்து அதே கொக்கிகளை முதலிலிருந்து இழுத்துப் பார்த்தார். நான் சுதாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். நான் உப்புப் போட்ட குழம்பை வேறு யாராவது ருசி பார்த்தாலே எனக்கு முகம் சுருங்கும். இவளோ கையைத் தூக்கி நின்று வழிவிட்டாள்.

மஞ்சுல பார்த்து முடித்துக் கீழே போகும் பாதையில் இறங்கினார்.

"இப்ப நீ என்னோடத பாரு" என்றாள் சுதா.

"எனக்கு என்ன தெரியும்?"

"சொல்லித் தர்றேன். நீ பாக்காம நான் இந்த வெளிம்புல நிக்க மாட்டேன்."

பார்த்தேன். அவளை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிறு, அதன் முடிச்சு, கொக்கியின் பூட்டு. ஒரு தடவை பார்த்தேன். திருப்பி ஒரு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்க்கப் போனபோது அவள் சொன்னாள் - "நீ ரொம்ப நாளா இந்த வேலைக்குத்தான் பழகிக்கிட்டிருந்திருக்க போல."

கேலிதான். ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. வீட்டில் நான் ஒன்றைத் திரும்பப் பார்த்தால் "சந்தேகப் பிராணி" என்பார்கள். இங்கே சந்தேகப்படுவதுதான் மரியாதை. உன் முடிச்சை நான் இழுத்துப் பார்ப்பது உன்னை நம்பாததால் அல்ல, உன் உயிர் எனக்கு வேண்டும் என்பதால். குடும்பங்களில் இந்தப் பழக்கம் இருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகும்?

அதெல்லாம் சரி. விளிம்புக்கு வந்ததும் தத்துவம் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது.

"பின்னால சாஞ்சு ஒக்காரு அக்கா. நாற்காலியில ஒக்கார்ற மாதிரி."

"நாற்காலி இல்லையே."

"கயிறுதான் நாற்காலி. கால அகட்டி வையி. வலது கைய இடுப்புக்கிட்ட வச்சுக்க. அந்தக் கைய மட்டும் விட்டுறாத. அதுதான் பிரேக். எந்தக் கயிறு போனாலும் இன்னொரு கயித்த நான் புடிச்சிருக்கேன்."

"கயிற நல்லா பாத்தியா?"

"பாத்தேன். அடுப்பு மேல காயல."

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. உடம்பு முன்பக்கம் வளைகிறது. பின்பக்கம் சாய மறுக்கிறது. முப்பத்தொரு வருஷமாக விழாமல் இருக்கப் பழகிய உடம்பு, ஒரே நாளில் எப்படிச் சாயும்? கீழே இருந்து பாக்கியம் அக்காவின் குரல் தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி வந்தது.

"டீச்சரு, பெரட்டுக்கு நேரமாச்சு. எறங்குறீங்களா, நான் வேலைக்குப் போகட்டா?"

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு ஞாயிற்றுக்கிழமை ஏது? சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த நேரத்தில் இடுப்பு தளர்ந்தது. சாய்ந்துவிட்டேன்.

கயிறு தாங்கியது.

அதை எப்படி எழுதுவது? என் முழு எடையையும் நான் யாரிடமும், எதன்மீதும் இதற்குமுன் விட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கட்டிலில் படுத்தால்கூடப் பாதி எடையை நானே பிடித்துக்கொண்டுதான் படுப்பேன்போல. ஒரு கால். அடுத்த கால். தண்ணீர் தோளில் அடித்தது. காதுக்குள் போனது. பாறையில் பாசி, அதற்கிடையே ஒரு சின்ன ஊதாப் பூ. இந்தப் பூவைப் பார்த்த முதல் முன்பள்ளி ஆசிரியை நானாகத்தான் இருப்பேன் என்று ஒரு பெருமை வேறு. பாதியில் முழங்காலுக்குக் கீழே நமைச்சல். குனிந்து பார்த்தால் ஒரு அட்டை, நிதானமாக விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் தட்ட வலது கை போகப் பார்த்தது. போகவில்லை. கையை நான் பிடித்துக்கொண்டேன். குடி தாயே, குடி என்று விட்டுவிட்டேன்.

கீழே தண்ணீரில் கால் பட்டதும் மஞ்சுல பட்டியைக் கழற்றினார். நான் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. அழவில்லை என்றும் சொல்லப்போவதில்லை. முகம் முழுக்கத் தண்ணீர், யாருக்குத் தெரியும்?

நிவேதா என்னை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, நீ பாதி தூரம் கண்ண மூடிக்கிட்டு வந்த."

"பாதிதானே?" என்றேன்.

அவள் யோசித்தாள். "நான் மூட மாட்டேன்" என்றாள்.

அதில் சவால் இல்லை, குறும்பும் இல்லை. ஒரு தகவல்போலச் சொன்னாள். என் காலில் இருந்த அட்டையை இரண்டு விரலால் பிடுங்கி எறிந்தாள். அட்டை என்றால் நான் அலறுவேன். இவள் எப்போது பயப்படாமல் இருக்கப் பழகினாள்? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. இறங்கியபின் இன்னும் விவரமாகப் பயப்படுகிறேன். முன்பு "விழுந்துவிடுவாள்" என்று மொத்தமாகப் பயந்தேன். இப்போது வலது கையை விட்டுவிடுவாளோ, தண்ணீர் கலங்குமோ, கொக்கியைப் பூட்டினார்களா என்று சில்லறையாகப் பயப்படுகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். மொத்தப் பயத்துக்கு மருந்து இல்லை. சில்லறைப் பயம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருக்கிறார், ஒரு விதி இருக்கிறது, ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. மழை வந்தால் இறங்க மாட்டார்கள். கோடு நனைந்தால் இறங்க மாட்டார்கள். அப்போது யாராவது "ஒரு தடவைதானே" என்று சொன்னால் குறுக்கே நிற்பதற்கு நான் இருக்கிறேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

நேற்று, திங்கட்கிழமை, தாளை எடுத்தேன். சுதாவும் நிவேதாவும் பார்த்துக்கொண்டிருக்க மேசையில் வைத்து ஒரு தடவை வாசித்தேன். திருப்பி ஒரு தடவை வாசித்தேன்.

அன்று கயிற்றை ஏன் அடுப்புக்கு மேலே போட்டேன்? காய வேண்டும் என்றா, கெட்டுப்போகட்டும் என்றா? எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இந்தக் கையெழுத்தை மட்டும் வேணும்னேதான் போட்டேன்.

இனிதான் உங்கள் உதவி தேவை. இந்தப் பத்தி உங்கள் கைக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் இறங்குவது அதற்கு அடுத்து வரும் சனிக்கிழமை. அன்று நான் எங்கே நிற்பது என்று சுதாவிடம் கேட்டேன். "மேல நின்னா அவ வெளிம்புல மறையிறத பாப்ப. கீழ நின்னா அவ வந்து சேர்றத பாப்ப. ரெண்டையும் பாக்க முடியாதுக்கா, கீழ வர்ற பாதை சுத்து" என்றாள். பிள்ளையை எங்கேயாவது அனுப்பிவிட்டு நின்றிருக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே - வெளிநாட்டுக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ, பக்கத்து வீட்டுக்கோ - வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள்.

மேலேயா, கீழேயா?